மேனேஜருக்குச் சூரியன் காட்டிய கதை

சூரியன் எந்தப் பக்கம் மறையும் என்று தெரியாமல், ஒரு குடும்பத்தையே கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு நான் செய்த காரியங்களில் இதுதான் ரொம்பச் சின்னது. இதற்கே விழுந்து விழுந்து சிரித்துவிட்டீர்கள் என்றால் மிச்சத்துக்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

எனக்குச் சொந்த ஊர் காட்டூர். பொன்னேரிக்குப் பக்கத்தில் நெல் விளைகிற ஊர். நான் வயலுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுச் சென்னையில் ஒரு லாரி கம்பெனியில் சேர்ந்தேன். எந்த லாரி எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. (ஊருக்கே வழி சொல்கிறவன் என்ற திமிர் அப்போதே கொஞ்சம் உண்டு.) பொன்னேரி பஸ்ஸில் பார்த்து, பேசி, அடம்பிடித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்ட செல்வி பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்துப் பெண். அவள் அப்பா ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கிறவர்.

எங்கள் கல்யாணப் பேச்சு வந்தபோது குப்பத்தில் பாதிப் பேருக்கு முகம் கோணியது. "பயிர் வெக்கிறவனுக்கு ஏரின்னா இன்னான்னு தெரியும்?" என்று கேட்டார்கள். அப்போது கோயில் வாசலில் எனக்காக எழுந்து நின்று பேசினவர் ஒரே ஒருத்தர். செல்விக்குச் சித்தப்பா முறை, பெயர் ஏகாம்பரம். நான் மாமா என்று கூப்பிடுவேன். "பையன் நல்ல மாதிரி கீறான். நம்ம தண்ணிக்கு அவனால ஒரு கெடுதலும் வராது. அதுக்கு நான் ஜவாப்" என்றார். நல்லவர்கள் இப்படித்தான் அவசரப்பட்டு வாயைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். எங்கள் மேனேஜர் குடும்பத்தோடு கோவா போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து ஆபீசில் லாரிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. தினமும் காலையில் செல்போனைத் திறந்து, சூரியன் கடலில் இறங்குகிற போட்டோக்களை ஒவ்வொருவர் மேஜைக்கும் எடுத்துவந்து காட்டுவார். "நம்ம பக்கம்லாம் இந்த மாதிரி கிடையாதுப்பா" என்று ஒரு பெருமூச்சு வேறு. நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பதற்கு என்ன செலவா, வரியா?

"சார், எங்க மாமியார் ஊருக்கு வந்து பாருங்க. சூரியன் அப்படியே கடல்ல முங்கும். காதைத் தீட்டி வெச்சிக்கிட்டா சொய்ங்னு சத்தமே கேக்கும்" என்றேன்.

மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சனிக்கிழமை வரோம்" என்றார்.

சனிக்கிழமை மதியம் மேனேஜர், அவர் மனைவி, எட்டு வயது மகள் மூவரும் காரில் வந்து இறங்கினார்கள். மாமியார் நண்டும் இறாலுமாக ஆக்கிப் போட்டார். மாமனார் வந்தவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, ஏதோ இன்ஜின் சாமான் வாங்கப் பொன்னேரிக்குப் போய்விட்டார். சாப்பிடும்போது செல்வி என் காதருகே குனிந்து, "சாயந்திரம் ஏகாம்பரம் சித்தப்பாவுக்குப் பாடு. ஏரிப்பக்கம் போவாத. பீச்சாண்ட கூட்டிகினு போயி காட்டிட்டு வந்துடு" என்றாள்.

பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. கடலுக்குப் போகிற இறால் கும்பலாக நகர்கிற வழி சில இடங்களில்தான் இருக்கிறது. அந்த இடங்களைச் சீட்டு போட்டு, தலைக்கட்டுக்கு, அதாவது ஒவ்வொரு குடும்பத் தலைவருக்கும், ஒரு நாள் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைதான் பாடு. ஒருவர் பாட்டு நாளில் இன்னொருவர் அங்கே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். தவறவிட்டால் அடுத்த முறை வர மூன்று வாரமோ ஒரு மாசமோ ஆகும்.

ஏகாம்பரம் மாமாவுக்கு அதற்கு முந்தைய பாடு மழையில் போனது. அதற்கும் முந்தையது காய்ச்சலில் போனது. எளாவூரில் கட்டிக்கொடுத்த அவர் மகள் கௌரி மாசமாக இருந்தாள். வருகிற புதன்கிழமை அவளுக்குச் சோறு ஆக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும். "நைனா, கடையில வாங்காத. நம்ம பாட்டு எறா கொண்டா" என்று அவள் போனில் கேட்டிருக்கிறாள். மூன்றாம் தடவையாவது கைகூட வேண்டும் என்று அந்த வீடே காத்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் மாமியார் பரிமாறிக்கொண்டே சொன்னார். எனக்கும் காதில் விழுந்தது. ஆனால் நான் மேனேஜர் இலையில் நண்டுக் கால் தீர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்குக் கார் டிக்கியில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் திணித்துக்கொண்டு, பாலம் தாண்டிக் கடற்கரைக்குப் போனோம். கடலைப் பார்த்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். மேனேஜர் போனைக் கையில் பிடித்துத் தயாராக உட்கார்ந்தார். கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. "வரும் சார், வரும்" என்றேன். (எங்கிருந்து வரும்?)

சுண்டல் தின்றுகொண்டிருந்த அந்தக் குழந்தைதான் முதலில் திரும்பிப் பார்த்தது. "அங்கிள், சன் நமக்குப் பின்னாடி இருக்கு" என்றது.

எல்லோரும் திரும்பினோம். சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம், ஏரிக்கு மேலே, சூரியன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கடல் கிழக்கே இருக்கிறது என்பது தெரியாதா? தெரியும். நாலாம் வகுப்பிலேயே தெரியும். எங்கப்பா தினமும் மேற்கு வரப்பைப் பார்த்துத்தான் "பொழுது போச்சுடா" என்பார். ஆனால் மேனேஜர் போட்டோவில் சூரியன் கடலில் மறைந்ததைப் பார்த்துப் பார்த்து, எல்லாக் கடலிலும் அப்படித்தான் என்று என் மூளை முடிவு செய்துவிட்டிருக்கிறது.

"சம்பத், நீதானே லாரிக்கெல்லாம் ரூட்டு எழுதற?" என்று மேனேஜர் நிதானமாகக் கேட்டார்.

"சார், இது சும்மா காத்து வாங்கறதுக்கு. மெயின் ஸ்பாட்டு ஏரிலதான் இருக்கு" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லாமல், அசடு வழிந்துகொண்டு அப்படியே பாலத்துக்கு மேல் நின்று காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது.

சூரியன் விழ அரைமணி நேரம்கூட இல்லை. நாற்காலிகளை மணலிலேயே விட்டுவிட்டு ஏரிக்கரைக்கு ஓடினோம். மாமனாரின் சின்ன ஃபைபர் படகு கரையில் கிடந்தது. வெளியாட்களைப் படகில் ஏற்றக் கூடாது என்று அங்கே தடை இருக்கிறது, போர்டுகூட வைத்திருக்கிறார்கள். 'விருந்தாளி எப்படி வெளியாள் ஆவான்?' என்று நானே வக்கீலாகவும் நானே ஜட்ஜாகவும் இருந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மூன்று பேருக்கும் ஒரு மிதவைச் சட்டைகூடக் கிடையாது. நான் படகு ஓட்டிப் பழகியது மொத்தம் ஏழெட்டு நாள். அதுவும் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருக்க.

இன்ஜின் ஏழாவது இழுப்பில் பிடித்தது. மேற்கே விட்டேன். கொஞ்ச தூரத்தில் தண்ணீரில் இரண்டு வரிசையாகக் கம்புகள் நட்டிருந்தன. நடுவில் நல்ல அகலமான இடம், சூரியன் நேர் எதிரே. பாடு என்ற வார்த்தை எனக்குத் தெரியும். பாட்டு வலை தண்ணீருக்கு மேல் எப்படித் தெரியும் என்பது மட்டும் தெரியாது. வயல்காரனுக்குக் கம்பைப் பார்த்தால் கன்றுக்குட்டியைக் கட்டத் தோன்றும். எனக்குப் படகைக் கட்டத் தோன்றியது. நேராக உள்ளே விட்டு, இருப்பதிலேயே உறுதியான கம்பாகப் பார்த்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். "அரசாங்கம் நட்டு வெச்சிருக்கு சார், டூரிஸ்ட்டுக்காக" என்று விளக்கமும் கொடுத்தேன்.

அப்போதுதான் தூரத்தில் இன்னொரு படகைப் பார்த்தேன். ஏகாம்பரம் மாமாவும் கூட இரண்டு பேரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா எழுந்து நின்று தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டினார். "எங்க சொந்தக்காரர் சார். எவ்ளோ பாசம் பாருங்க" என்றேன். நாங்கள் நாலு பேரும் பதிலுக்குக் கையாட்டினோம்.

மாமா இன்னும் வேகமாக ஆட்டினார். பக்கத்திலிருந்தவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "வணக்கம் சொல்றாங்க சார்." மேனேஜர் குடும்பமே எழுந்து நின்று வணக்கம் போட்டது. மூன்றாவது ஆள் மேற்கே கையைக் காட்டிக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். "சூரியனைப் பாருங்கன்னு சொல்றாரு. அவ்ளோ அழகாம்" என்றேன்.

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு அமைதியான மனிதர்கள் என்று மேனேஜரின் மனைவி மெச்சினார். அவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரமும், வெளிச்சம் மங்குகிற நேரமும் ஒன்றாக வாய்த்திருந்தது. இறால் நகர்வது அந்த நேரத்தில்தான். சத்தம் கேட்டால் கலைந்துவிடும். நான் சூரியனுக்காகக் காத்திருந்த அதே கால் மணி நேரத்துக்குத்தான் அவர் இரண்டு மாசமாகக் காத்திருந்தார். கத்தினால் இறால் போய்விடும், கத்தாவிட்டால் மாப்பிள்ளை போக மாட்டான். பாவம், மனுஷன் என்னதான் செய்வார்?

இந்தப் பக்கம் குழந்தை போன் ஸ்பீக்கரில் பாட்டு வைத்தது. படகின் அடித்தட்டில் தொம் தொம் என்று குதித்து ஆடியது. நான் தாளம் போட்டேன். ஆமாம், படகின் விளிம்பில், உள்ளங்கையால்.

சூரியன் விழுந்தது. பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. ஏரி முழுக்கச் செம்பு நிறமாகி, தூரத்தில் நாரைகள் அசையாமல் நிற்க, மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கோவாலாம் ஒண்ணுமே இல்லப்பா" என்றார். அந்த அழகைப் பற்றி எழுதுவதற்கே இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எல்லோரும் கை தட்டினார்கள். கடைசியாக நானும் ஒரு விசில் அடித்தேன்.

கிளம்பலாம் என்று கயிற்றை இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை, கம்புதான் வேரோடு வந்தது. சரி, போகட்டும் என்று கம்பையும் படகில் போட்டுக்கொண்டு இன்ஜினை இழுத்தேன். கர்ரென்று ஒரு சத்தம். தண்ணீருக்கு அடியில் எதையோ இன்ஜின் விசிறி சுருட்டிச் சுருட்டி இழுத்தது. பக்கத்துக் கம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களைப் பார்த்துச் சாய்ந்தன. இன்ஜின் நின்றுவிட்டது.

இனிமேல் பயந்து பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும் ஏகாம்பரம் மாமா வாயைத் திறந்தார். "அட பாவி மாப்ள!" என்று அவர் போட்ட சத்தத்தில் அத்தனை நாரையும் எழும்பிப் பறந்தன. அப்புறம் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. திட்டிக்கொண்டே படகைத் தள்ளி வந்தவர், கிட்டே வந்ததும் மேனேஜரின் மனைவியையும் குழந்தையையும் பார்த்தார். டக்கென்று நிறுத்திக்கொண்டார்.

"யாரும் பயப்படாதீங்கோ. கொயந்தைய நடுவுல உக்கார வெய்ங்கோ" என்றார். மார்பளவு தண்ணீரில் குதித்தார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, விசிறியில் சுற்றியிருந்த தன் வலையைத் தானே மூன்று இடத்தில் அறுத்தார்.

மேனேஜர் மரியாதையாகக் கேட்டார். "இந்தக் கம்பெல்லாம் எதுக்குங்க?"

"எறாவுக்கு சார்."

"ஓ, இங்க எறா வருமா?"

"வந்துகினு இருந்துச்சி சார்" என்றார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எங்கள் படகைத் தன் படகோடு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். வலையின் மடியில், அதாவது இறால் வந்து சேர்கிற பையில், ஒரு பிடி இறால்கூட இல்லை. மேனேஜர் என் கையைக் குலுக்கி, "வாழ்க்கைல மறக்க மாட்டேன் சம்பத்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நானும் மறக்கவில்லை சார்.

கார் போனதும் செல்வி என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "உனுக்குக் கண்ணு எங்க வெச்சிக்கீறான் ஆண்டவன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அழுதாள். நான் ஏகாம்பரம் மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தவர், "வா மாப்ள, சாப்ட்டியா?" என்றார். செருப்பால் அடித்திருந்தால் நிம்மதியாகத் திரும்பி வந்திருப்பேன். அவர் மனைவிதான் எனக்கு அந்த உபகாரத்தைச் செய்தார். "ஏம்பா, நான் காட்டூருக்கு வந்து உங்கப்பன் நாத்தங்கால்ல காரை வுட்டு, பாட்டு போட்டுகினு ஆடுனா சும்மா இருப்பியா? சொல்லு!" என்று தெருவே கேட்கக் கத்தினார். எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. நாற்றங்கால் என்றால் என்ன என்று எனக்குத் தெரியுமே.

மறுநாள் காலையில் கோயில் வாசலில் ஊர் கூடியது. மன்னிப்புக் கேட்க ராத்திரியெல்லாம் வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டேன். ஊர்த் தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்கு நிக்கற? நீ தலைக்கட்டா? உக்காரு."

அவ்வளவுதான். தண்டனை கொடுக்கக்கூட லாயக்கில்லாதவன். ஊர் முறைப்படி, படகு எந்த வீட்டுடையதோ அந்த வீட்டுத் தலைக்கட்டுதான் பதில் சொல்ல வேண்டும். மாமனார் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "இன்னிக்கி எங்க ஊட்டுப் பாடு. அத்த ஏகாம்பரம் எடுத்துக்கட்டும்" என்றார். ஒரே வரி. அவரும் அந்த நாளுக்காக ஒரு மாசம் காத்திருந்தவர்தான். உட்காரும்போது என் பக்கம் திரும்பாமல், பக்கத்தில் எனக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார்.

கூட்டத்தில் ஒருத்தர் விடவில்லை. "இன்னா ஏகாம்பரம், ஜவாப்னு நீதானே சொன்ன?"

"ஆமாம்பா, சொன்னேன். அதான் முதல்ல என் வலையே கியிஞ்சிச்சே, இன்னும் இன்னா வேணும் உனுக்கு?" என்றார் மாமா. ஊரே சிரித்தது. நான் தரையில் போன ஓர் எறும்பை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பகல் முழுக்க நாலு பேர் உட்கார்ந்து கிழிந்த வலையை முடிந்தார்கள். எனக்குக் கொடுத்த வேலை, வலையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது. சாயந்திரம் மாமா, "ஏறு படகுல" என்றார். அதே இடம், அதே நேரம். என்னைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்தார். "மேற்க திரும்புன, தண்ணில தள்ளிடுவேன்" என்று காதில் கிசுகிசுத்தார். வெளிச்சம் மங்கியது, தண்ணீர் இறங்கியது. நான் மூச்சைக்கூட மூக்கின் ஒரு துளையில்தான் விட்டேன். மடியைத் தூக்கியபோது மாமாவுக்கு ஒரு கை போதவில்லை. இன்னொருத்தரும் பிடித்தார். வெள்ளையாகத் துள்ளிக்கொண்டு இறால் கொட்டியதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். "சத்தம் போடாத மாப்ள" என்றார் மாமா.

புதன்கிழமை கௌரிக்குச் சோறு போனது. ராத்திரி எனக்குப் போன் பண்ணினாள். "மாமா, எறா சூப்பரா இருந்துச்சி. கடிக்கும்போது கொஞ்சம் பாட்டு சத்தம் கேட்டுச்சி, அவ்ளோதான்" என்றாள். மாமியார் வீட்டில் அந்த மாசம் இறால் வாசனையே இல்லை. மாமனார் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருக்கலாம்.

மேனேஜர் இன்னும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். "அந்தக் கம்பு இருக்கிற ஸ்பாட்டோட லொகேஷன் அனுப்புப்பா" என்று மாசத்துக்கு ஒரு போன். "பாலத்து மேல நின்னு பாருங்க சார். கீழ எறங்காதீங்க" என்று சொல்லிவிடுவேன். உண்மையிலேயே அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

இதெல்லாம் நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது எங்களுக்கு ஒரு மகள், பாட்டி வீட்டிலிருந்து குப்பத்துப் பால்வாடிக்குப் போகிறாள். போன மாசம் பெற்றோரை எல்லாம் கூப்பிட்டு, பிள்ளைகளைக் கேள்வி கேட்டுக் காட்டினார்கள். டீச்சரும் கோட்டைக்குப்பத்துக்காரர்தான்.

"சூரியன் காலைல எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டார்.

"கடல்லேர்ந்து" என்றாள் என் மகள்.

"சாயந்திரம் எங்க போவும்?"

"ஏகாம்பரம் தாத்தா வலையில."

கூடம் அதிரச் சிரித்தார்கள். டீச்சர் திருத்துவார் என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். "கரெக்ட். எல்லாரும் கை தட்டுங்க" என்றார்.